ஓடாத காருக்கு இன்சூரன்ஸ்

எங்கள் காருக்கு ஒழுங்கான இன்சூரன்ஸ் போட வேண்டும் என்ற ஞானம் எனக்குப் பலாப்பழத்தால் வந்தது. போதிமரம் எல்லாருக்கும் வாய்க்குமா?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிலும் பாதிக் காலம் இதே மலைப் பாதையில். ஆகவே நான் ஓட்டும்போதெல்லாம் தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பினோம். எங்களுக்கு மேல் வளைவில் பலாப்பழ லோடு ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பழம் கழன்று, சரிவில் உருண்டு, எங்கள் பானெட்டின் மேல் வந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் மிதித்த பிரேக் அன்றைக்கும் பிடிக்கவில்லை.

பிக்கப் ஓட்டி வந்தவர் கீழே வந்து வண்டியை நிறுத்தினார். இறங்கியதும் முதல் கேள்வி, "பழத்துக்கு ஒண்ணும் ஆவலியே?"

என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் மலையே ஒரு முறை திருப்பிச் சொன்னது. அந்த மனுஷர் பயந்துபோய், நஷ்ட ஈடாக இன்னொரு பழத்தை எடுத்து எங்கள் டிக்கியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பானெட்டில் ஒரு வாரத்து மழைத் தண்ணீர் பிடிக்கிற அளவுக்குப் பள்ளம், ஒரு ஹெட்லைட் காலி. பழம் இரண்டும் நல்ல ருசி.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அம்பாசடர். அறுபதுகளின் தொடக்கத்தோடு நின்றுபோன முதல் மாடல், கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும். எலவனாசூர்கோட்டையில் வெல்ல மண்டி வைத்திருந்த எங்கள் அப்பா யாரிடமோ பழைய விலைக்கு வாங்கியது. இப்போது அந்த மாடலை மெட்ராஸில் இருந்தெல்லாம் தேடி வந்து கேட்கிறார்கள். அப்பாவுக்குப் பிறகு அது எனக்கு வந்தது. எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், அது என் யோக்கியதை சம்பந்தப்பட்ட விஷயம்.

கள்ளக்குறிச்சியில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே எனக்கு ஒரு கடை. ஜெராக்ஸ் எடுப்பேன், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன். ஊர் மாவட்டம் ஆன பிறகு விண்ணப்பங்களும் ஜாஸ்தி, என் கர்வமும் ஜாஸ்தி. பட்டா மாறுதலோ வாரிசுச் சான்றிதழோ, என் எழுத்தில் போன காகிதம் திரும்பி வராது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியதில் எனக்கும் பங்குண்டு.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். யார் போனாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "காட்றதுக்கா, போடறதுக்கா?" எங்கள் ஊரில் இன்சூரன்ஸ் இந்த இரண்டு வகைதான். போலீஸ்காரர் கையை நீட்டினால் காட்டுவதற்கு ஒன்று. நிஜமாகவே வண்டிக்குப் போடுவதற்கு ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் காட்டுவதற்குத்தான் வாங்குவார்கள், எங்களையும் சேர்த்து.

காரின் இன்சூரன்ஸ் காகிதத்தை நான் நீட்டியதும் அவர் சிரித்தார். "இது காட்றதுக்குதான்க்கா. நீங்க எவன் மேலயாச்சும் ஏத்தினா அவனுக்குக் குடுக்கும். உங்க மேல பலாப்பழம் ஏறினா குடுக்காது." பிறகு பெயரைப் பார்த்தார். "இவரு யாரு?"

"எங்கப்பா."

"அவரு வரலீங்களா?"

"அவரு செத்து எட்டு வருஷம் ஆவுது."

ஏஜென்ட் லேப்டாப்பை விட்டுக் கையை எடுத்துவிட்டார். "இன்னாக்கா சொல்றீங்க! வருஷா வருஷம் பொறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பறேன், அவரும் நன்றின்னு பதில் போடறாரே!"

அதில் கொடுத்திருந்தது என் வீட்டுக்காரருடைய போன் நம்பர். இத்தனை வருஷமும் அவர் தனக்கு வந்த வாழ்த்து என்றே நினைத்து நன்றி சொல்லியிருக்கிறார். நம் பிறந்தநாள் ஆடியில் ஆயிற்றே, வாழ்த்து ஏன் தையில் வருகிறது என்று அந்த மனுஷருக்கு ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. ஏஜென்ட் மட்டும் அப்பாவை விட்டுக்கொடுக்காமல் பேசினார். "எட்டு வருஷமா ஒரு ஆக்சிடெண்ட் கெடயாதுக்கா. இந்த மாதிரி கஸ்டமர் கெடைக்க மாட்டாங்க."

அங்கே ஆரம்பித்தது, காருக்கு ஏற்ற இன்சூரன்ஸ் தேடும் படலம். முதலில் நெட்டில் பார்த்தேன். கார் எந்த வருஷத்தது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன், என் கல்யாண வருஷம் கூட வரவில்லை, அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அடுத்து ஒரு போன் நம்பரைக் கூப்பிட்டேன். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண், "வண்டில எத்தன ஏர்பேக் மேடம்?" என்று கேட்டாள். "பேக் இல்லம்மா, ஏர் மட்டும் வரும், கதவு இடுக்குல" என்றேன். அவள் சிரிக்காமல் வேறு ஒருவருக்கு இணைப்புக் கொடுத்தாள். அந்த வேறு ஒருவர் கணக்குப் போட்டு, தேய்மானமெல்லாம் கழித்து, காரின் சந்தை மதிப்பு என்று ஒரு தொகை சொன்னார். அந்தப் பணத்துக்கு இரண்டு டயர் வரும், மூன்றாவதுக்குக் கடன் சொல்ல வேண்டும். நான் போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் பக்கத்துக் கடை ஏஜென்ட்தான் வழி சொன்னார். "பழைய காருக்குன்னே ஒண்ணு இருக்குதுக்கா. பேசி முடிச்ச வெல." அதாவது, இந்தக் காருக்கு இன்ன மதிப்பு என்று கம்பெனியும் நாமும் முன்கூட்டியே ஒத்துக்கொள்வது. நாளைக்கே கார் எரிந்தாலும் திருடு போனாலும் அந்தத் தொகையை அப்படியே கொடுப்பார்கள், பழசாயிற்றே என்று கழிக்க மாட்டார்கள். ஆனால் நிபந்தனைகள் உண்டு. பூட்டுப் போட்ட ஷெட் வேண்டும். தினமும் சந்தைக்கும் கடைக்கும் ஓட்டக் கூடாது. வாடகைக்கு விடவே கூடாது.

வாடகை என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் அரிச்சந்திரன் ஆகிவிட்டார். "நூத்தியொண்ணு வாங்கறமே" என்றார். ஊரில் கல்யாணம் என்றால் பெண் மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் காரைக் கேட்பார்கள், சும்மாதான் கொடுப்போம். திருப்பி விடும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நூற்றியொரு ரூபாய் வைப்பார்கள்.

"அது வாடகைங்களா?" என்று ஏஜென்ட் கவலையாகக் கேட்டார்.

"வாங்கறோம். வாங்கலன்னு எப்படி எழுதறது?"

ஏஜென்ட் படிவத்தைத் தள்ளி வைத்தார். "தட்டுல வெச்சா மரியாதை, கையில குடுத்தா வாடகை" என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கே சந்தேகம் வந்து மேலே போன் போட்டுக் கேட்டார். மேலே இருந்தவர்களுக்குத் தட்டு புரியவில்லை, எதுவுமே வாங்காதீர்கள் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் காருக்கு வெறும் வெற்றிலை பாக்கு.

பானெட்டை நிமிர்த்தி, சேலத்தில் பழைய கார்களுக்கு மதிப்புப் போடும் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஆறு லட்சம் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி கோழிகளை ஷெட்டை விட்டு விரட்டினார். ஆறு லட்ச ரூபாய் சீட்டின் மேல் கோழி அடையக் கூடாதாம்.

எல்லாம் கூடி வந்தபோதுதான் ஏஜென்ட் அடுத்த குண்டைப் போட்டார். "ஆர்.சி. இன்னும் அப்பா பேர்லதான இருக்குது? மொதல்ல உங்க பேருக்கு மாத்துங்க. வேற வாரிசு இருந்தா ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து போடணும். உங்க பங்குக்கு வந்ததுன்னு ஒரு ஆதாரமும் வேணும்."

ஆதாரம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காகிதம் பத்திரப்படுத்துவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பீரோவிலிருந்து பாகப் பிரிவினைச் சீட்டை எடுத்து வந்து மடிப்பு நீக்கி வைத்தேன். ஏஜென்ட் சத்தமாகப் படித்தார்.

"'ஓடாத நிலையில் உள்ள பழைய கார் ஒன்று. காயலாங்கடை மதிப்பு ரூபாய் பன்னிரண்டாயிரம்.'" தலையைத் தூக்கினார். "இன்னாக்கா இது? ஓடாத வண்டிக்கு யாருக்கா இன்சூரன்ஸ் குடுப்பான்? எழுதினது யாரு?"

"யாரோ ஒரு எழுத்தரு" என்றேன்.

அவர் அந்தச் சீட்டையும், நான் அப்போதுதான் பூர்த்தி செய்து கொடுத்திருந்த விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் என் அழகான 'ழ'. மரியாதை தெரிந்த மனுஷர், சீட்டை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்பார்கள், நான் சொந்தக் கையெழுத்தில் வைத்துக்கொண்டேன்.

இனி என் யோக்கியதை. அப்பா இறந்து முப்பதாம் நாள் முடிந்ததும் பாகம் பிரிக்க உட்கார்ந்தோம். அம்மா முன்பே போய்விட்டாள், வாரிசு நானும் என் தம்பியும் மட்டும். நிலத்தை அவன் உழுகிறான், அது அவனுக்கு. ஊருக்குள் ஒரு மனையும் நகையும் எனக்கு. அதில் சண்டை இல்லை. கார் பேச்சு வந்தால் மட்டும் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், "கார் ஆம்பள புள்ளைக்கு" என்பார்கள். ஆனால் அந்தக் காரில் அப்பா ஓட்டக் கற்றுக்கொடுத்தது எனக்கு. அதைக் கேட்டு வாங்க வாய் வரவில்லை, கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த அசிங்கத்தைத் தாங்க முடியாது. சீட்டு எழுதுவதோ நான். கார் இடம் வந்ததும் பேனா தானாகவே 'ஓடாத' என்று எழுதியது. படித்துக் காட்டினேன். ஓடாத காரை யார் கேட்பார்கள்? எல்லாரும் தலையாட்டினார்கள். தம்பி கையெழுத்துப் போட்டான்.

பொய்யை எழுதிவிட்டால் போதாது, அதைக் காப்பாற்றவும் வேண்டும். நன்றாக ஓடுகிற காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தம்பியே தன் டிராக்டரைக் கொண்டுவந்தான். அவன் முன்னால் இழுக்க, காரில் என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, நான் டிராக்டர் மட்கார்டில் துக்க முகத்தோடு உட்கார, எலவனாசூர்கோட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வரை ஊர்வலம். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "இன்னா ரிப்பேரு?" என்று கேட்டார்கள். தம்பி யாருக்கும் பதில் சொல்லவில்லை. காரை எங்கள் வாசலில் விட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனான்.

அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பொங்கல் சீர் மட்டும் தவறாது. கரும்பு, அரிசி, வெல்லம், புடவை எல்லாம் கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிடுவான். சீர் வரும், அவன் வர மாட்டான். அவன் பெண்டாட்டி கிளப்பிவிட்டாள், நிலத் திமிர், எனக்குக் கொடுத்த மனைக்கு இப்போது விலை ஏறியதில் வயிற்றெரிச்சல் என்று வருஷத்துக்கு ஒரு காரணம் நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். காரைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாமே, அப்படித்தான்.

இப்போது அவன் கையெழுத்து வேண்டும். அவன் போடாவிட்டால் ஆர்.சி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. அதை விட, எதற்கு என்று அவன் கேட்டால் நான் என்ன சொல்வேன்? மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை எழுதிக்கொண்டு கிளம்பினோம்.

காரில்தான் போனோம். ஆனால் ஊர் எல்லை வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓடாத காரில் போய் எப்படி இறங்குவது? கோயில் பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டு வெயிலில் நடந்தோம். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், கார வெச்சிக்கினு நடந்து போறேன்" என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

தம்பி வீட்டில்தான் இருந்தான். முன்தலை நரைத்திருந்தது. அவன் பெண்டாட்டி மோர் கொடுத்தாள், நல்ல மோர். அவன் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தான்.

"இன்சூரன்ஸ் இன்னாத்துக்கு அக்கா? அதான் ஓடாதே."

"மாமா சரி பண்ணாரு" என்றேன்.

"அப்படியா? இன்னா ரிப்பேரு மாமா?"

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. கூரையைப் பார்த்துவிட்டு, "எல்லாந்தான்" என்றார்.

தம்பி கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். "பாகம் பிரிச்ச அன்னிக்கு காத்தால பெரியவங்களுக்கு டிபன் வாங்க உளுந்தூர்பேட்டைக்குப் போனேன். எதுல போனேன்னு நெனைக்கற?"

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்தக் கார்லதான். நீ ஓடாத கார்னு படிச்சிக் காட்டினியே, அப்ப சாவி என் ஜோப்புல இருந்துச்சு. இன்ஜின் சூடு கூட ஆறல."

"அப்புறம் இன்னாத்துக்குடா கையெழுத்து போட்ட?"

"நீதான் எழுதிட்டியே."

"டிராக்டர் வெச்சி இஸ்துக்கினு வந்தியே!"

"நீ ஓடாதுன்னுட்ட. பத்துப் பெரியவங்க முன்னாடி எங்கக்கா பொய் சொல்லுதுன்னு சொல்றதா? அதான் கயிறு கட்டினேன்." என் வீட்டுக்காரரைப் பார்த்தான். "ஆனா கயிறு வழியெல்லாம் தொங்கிக்கினே வந்துச்சு மாமா. திரும்பிப் பாத்தா கார் பின்னால பொகை."

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மேட்டுல டிராக்டர் மொணகிச்சி. பாவமா இருந்துச்சு. லேசா ஸ்டார்ட் பண்ணி வுட்டேன்."

அந்த இடத்தில் மூன்று பேரும் சிரித்திருக்கலாம். சிரிக்கவும் ஆரம்பித்தோம். ஆனால் தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"கேட்டிருந்தா அங்கியே சாவிய எடுத்துக் கையில குடுத்திருப்பேன்க்கா. நீ கேக்கல. எழுதிட்ட. கேட்டா இவன் குடுக்க மாட்டான்னு நெனச்சிக்கினு எழுதின பாரு, அதான் எனக்கு ஆறல. மொத ரெண்டு வருஷம் கோவம். அப்புறம் எப்படி வர்றதுன்னு தெரில."

என்னிடம் விண்ணப்பம் எழுத வருகிறவர்களுக்கு எல்லாம் நான் வார்த்தை கொடுப்பேன். அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அழுதேன். ஐம்பத்தாறு வயதில், தம்பி பெண்டாட்டி முன்னால், மூக்கு ஒழுக அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, அதைவிடப் பெரிய வெட்கம் ஏற்கெனவே இருந்ததால் இது பெரிதாகத் தெரியவில்லை.

"கையெழுத்து போடறேன்" என்றான். "ஆனா இத வேணாம். நான் சொல்றேன், நீ எழுது." வேறு தாள் எடுத்தேன். அவன் சொன்னான். "எங்கப்பா கார். எங்கக்காவுக்குக் குடுக்கறதுல எனக்கு சந்தோஷம். நல்லா ஓடற கார். பாகம் பிரிச்ச அன்னிக்கும் ஓடிச்சி."

"ஆர்.டி.ஓ.வுக்கு இதெல்லாம் எதுக்குடா?"

"எழுதுக்கா."

அப்படியே எழுதினேன். என் வாழ்க்கையில் பேச்சுத் தமிழில் எழுதிய ஒரே அரசாங்கக் காகிதம் அதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் எழுந்து துண்டை உதறினான். "கோயிலாண்ட வெயில்ல நிக்குது கார், போலாம் வாங்க. நீங்க ஊருக்குள்ள நொழைஞ்சப்பவே நாலு பேரு போன் பண்ணிட்டாங்க." மெயின் ரோடு வரை அவனே ஓட்டி வந்து, இறங்கி, நடந்து திரும்பிப் போனான்.

ஆர்.சி. என் பேருக்கு மாற ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. நானே எழுதியும் என் காகிதம் ஒரு முறை திரும்பி வந்தது, 'ஓடிச்சி' என்றால் என்ன என்று கேட்டு. அதெல்லாம் முடிந்து இன்சூரன்ஸுக்குப் போட்டோ எடுக்க ஏஜென்ட் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். வந்தான். எட்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்ததும் முதலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஏஜென்ட் காரை நாலு பக்கமும், கோழி இல்லாத ஷெட்டை ஒரு பக்கமும் போட்டோ எடுத்தார். பிறகு படிவத்தின் கடைசிப் பக்கத்தை நீட்டினார். "அக்கா, உரிமையாளர் தவிர வேற யாரு வண்டிய ஓட்டுவாங்க? ஒரு பேரு போடுங்க. ஒரு கட்டந்தான் இருக்குது."

என் வீட்டுக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "நீங்க பக்கத்துல உக்காந்து பிரேக் போடுங்க, போதும்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன். முதல் எழுத்துக்கு முனை தாளில் பட்டுவிட்டது. அப்படியே நிறுத்தி, பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தேன்.

"அப்பப்ப வந்து ஓட்டுவியாடா?" என்று கேட்டேன்.

"கேட்டா வருவேன்" என்றான்.

அதற்குப் பிறகுதான் எழுதினேன்.